பொடி வைத்து ஊதிய வரி

சேலத்தில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பாடம் நடத்துகிறேன். போன பருவத்தில் நான்கு நான்கு பேராக ஐந்து குழு பிரித்து, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு விளம்பரம் எழுதி வரச் சொன்னேன். சாட்ஜிபிடி பயன்படுத்தலாம் என்றும் சொல்லியிருந்தேன். 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, யார் கேட்டார்கள்?

நான்கு குழுக்கள் 'ஒவ்வொரு அடியிலும் பாரம்பரியம்' என்றே எழுதி வந்தன, ஒரு சொல் முன்னே பின்னே. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லைக் கணித்துக் கோப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. 2024இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வும் இதைத்தான் சொன்னது: ஏஐ யோசனை வாங்கி எழுதிய சிறுகதைகள் தனித்தனியே படித்தால் நன்றாக இருந்தன, சேர்த்து வைத்தால் ஒன்றுபோல் இருந்தன.

அதைவிட என்னை உறுத்தியது வகுப்பின் அமைதி. நான்கு பேர், நான்கு போன், குனிந்த தலைகள். இதற்குப் பெயர் குழுவேலையாம்!

சரி என்று இரண்டு விதி வைத்தேன். முதலில் பட்டறைக்குப் போய்ப் பார்த்ததை எழுத வேண்டும். அப்புறம் குழுவுக்கு ஒரே போன். என்ன கேட்பது என்று நால்வரும் ஒத்துக்கொண்ட பிறகே தட்ட வேண்டும். முதல் கேள்விக்கே அரை மணி நேரச் சண்டை. தலைவலிதான், ஆனாலும் காதுக்கு நன்றாக இருந்தது.

ஒரு குழுவிடம் ஏஐ, கொலுசு முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதாக அடித்துச் சொன்னது. பருவம் முழுக்க வாய் திறக்காத ஒரு மாணவி சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுல வந்து பாக்கச் சொல்லுங்க சார். வளையம் வளையமா கோத்து, பத்தவைக்கிற பொடி வச்சு ஊதினாத்தான் ஒட்டும்." மற்ற மூவரும் போனை விட்டுவிட்டு அவளைத் துருவ ஆரம்பித்தார்கள்.

'பொடி வைத்துப் பேசத் தெரியாது, பொடி வைத்து ஊதத் தெரியும்' என்று அன்று எழுதினார்கள். மெருகேற்றச் சொன்னால் ஏஐ பொடியைத் தூக்கிவிட்டு 'நேர்மையும் கைத்திறனும்' என்று போட்டது. பொடி திரும்பி வந்தது. காட்சி வரிசைக்கும் ஆங்கில வடிவத்துக்கும் மட்டும் அதையே நம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

மதிப்பெண் போடும்போதுதான் சிக்கல். ஏஐயுடன் பேசிய பதிவையும் இணைக்கச் சொல்லியிருந்தேன். பதிவு முழுக்கப் போன் வைத்திருந்த பையனின் கணக்கு. பொடியைச் சொன்ன அந்த மாணவியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பங்களிப்பு என்ற கட்டத்தை என் நினைவிலிருந்துதான் நிரப்பினேன்.