டயாலிசிஸ் அறைக்கு எத்தனை ஆள்?

"ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் முதல் கேள்வி வேறு: காலையில் தண்ணீரில் குளோராமின் (கிருமி கொல்லக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் சேர்மம்) இருக்கிறதா என்று பார்த்தது யார்? 4 மணி நேர டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் தண்ணீர், ரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு தள்ளி ஓடுகிறது. குளோராமின் கலந்து வந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதனால் புதிதாகச் சேருபவர்களுக்கு மெஷினுக்கு முன்பே, குளோராமினை நீக்கும் கார்பன் தொட்டியைக் காட்டிவிடுவேன்.

அப்புறம் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம். ஊசி குத்தும் முன் அங்கே விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்வேன். அதிர்வு இல்லையா, குத்தாதே, டாக்டரைக் கூப்பிடு. புத்தகம் படித்து இது வராது, பல கைகளைத் தொட்டுத்தான் வரும்.

சரி, ஆள் எண்ணிக்கை. ஷிப்ட் மாறும் நேரம்தான் மோசம். ஒருவருக்கு ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அடுத்தவருக்கு பிரஷர் இறங்கும். டியூட்டி போடுகிறவர்கள் அந்த அரைமணி நேரம் வந்து நிற்கட்டும்.