ராமன்மேல் சந்தேகம்

"ஏண்டி, ராமனையா சந்தேகப்படறானுங்க?" என்றாள் அம்மா.

கும்பகோணத்திலிருந்து அவள் கோபன்ஹேகன் வந்திருந்த நவம்பர் அது. நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். டேனிஷ் காதுக்குப் பழகட்டுமே என்று நான் 'ஃபோர்ப்ரூடெல்சன்' போட்டிருந்தேன். 2007-ல் டிஆர் தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் தொடர். நன்னா என்கிற பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கொலை. பகுதிக்கு ஒரு நாள் விசாரணையாக 20 பகுதிகள். சந்தேகத்தில் மாட்டும் வாத்தியார் ரஹ்மானை எல்லாரும் ராமா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுப் பெயர்க்காரன்மேல் சந்தேகம் எவ்வளவு லேசாகப் போய் ஒட்டிக்கொள்கிறது! எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கோ ராமனுக்கே இந்தக் கதியா என்கிற கவலை.

பாஷை தெரியாமலே அவள் கதையைப் பிடித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் சாரா லுண்ட் அதே ஸ்வெட்டரில் திரும்பத் திரும்ப வந்தால், "மாத்துத் துணி இல்லையா இவளுக்கு?" சாரா சுவீடனுக்குக் குடிபோகக் கிளம்பிக் கிளம்பி நின்றுவிடுவாள். பாலம் தாண்டினால் சுவீடன். அதற்கே இவ்வளவு பாடு. நானெல்லாம் இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவள்.

நன்னாவின் உடல் கிடந்த காரைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது அப்பன் அலறுவதை, பெற்றவள் போனில் கேட்பாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு வீட்டுச் சமையலறையில் அவர்கள் உட்கார்ந்தே கிடப்பார்கள். "துக்கம் கேக்க ஒருத்தரும் வரலையே? காபி கூடவா யாரும் கொண்டுவரல?"

பெரியப்பா போன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து தூக்கு நிறைய காபி வந்தது, மத்தியானம் பக்கத்து வீட்டு ரசம்சாதம். பெரியம்மாவோடு பல வருஷம் பேசாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுகிறவர்களுக்கு நடுவே யார் இலை போடுவது என்று ஒரு சண்டையும் நடந்தது.

அம்மா ஊருக்குப் போனபின் அமெரிக்கப் பதிப்பான 'தி கில்லிங்' பார்த்தேன். 2011-ல் ஏஎம்சி சேனலில் வந்தது. கதை சியாட்டிலில், படம்பிடித்தது வான்கூவரில். ஓயாத மழை. முதல் சீசன் 13 பகுதி முடிந்தும் கொலைகாரன் யாரென்று சொல்லவில்லை, பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். விடை 2012-ல்தான் வந்தது, அதுவும் டேனிஷ் தொடரின் கொலைகாரன் இல்லை, வேறு ஆள். ராமா அங்கே பென்னட் அகமது. பெண்ணின் அப்பன் அடித்த அடியில் கோமாவுக்கே போய்விடுகிறான். துப்பறியும் போலீஸ்காரன் ஹோல்டராக வரும் ஜோயல் கின்னமன் ஒருவருக்காகப் பார்க்கலாம், அவரும் சுவீடன்காரர்தான்! ஆனால் துக்க வீட்டில் டேனிஷ் தொடர் என்னை உட்காரவைத்த மாதிரி இது வைக்கவில்லை.

நான் இங்கே நன்றாகவே பழகிவிட்டேன். போன குளிர்காலத்தில் எங்கள் கட்டட முற்றத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. மேல்மாடிக் கிழவர் போய்விட்டார். இந்த ஊர் வழக்கப்படி ஒரு கார்டு வாங்கி, இரண்டு வரி எழுதி, தபால்பெட்டியில் போட்டேன். அன்று பால் மட்டும் ஏனோ ஒரு லிட்டர் கூடுதலாகக் காய்ச்சியிருந்தேன்.

போனில் சொன்னதும் அம்மா திட்டினாள். "கார்டா? அந்த அம்மா அடுப்பு மூட்டினாளோ இல்லையோ, மேல ஏறிப் போய்ப் பாரு."

"இங்க எல்லாம் கரண்ட் அடுப்பும்மா."

"அடுப்புதானேடி?"