காரணம் கேட்க முடியாத முத்திரை

காரைக்குடி செக்காலை ரோட்டில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. கொஞ்ச காலமாக ஆதார் நகல் எடுக்க வருகிறவர்களோடு, "என் கணக்கை ஸ்பேம்னு போட்டுட்டாங்க தம்பி, என்னன்னு பாரு" என்று செல்போனை நீட்டுகிறவர்களும் வருகிறார்கள். ஸ்பேம் என்றால் கேட்காமலே பல பேருக்கு அனுப்பப்படும் வேண்டாத, ஏமாற்றுப் பதிவு; சமூக வலைத்தளம் தானாகவே குத்தும் முத்திரை அது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிறவர் வந்தார். ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடுகிறவர் வந்தார். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றும் வீடியோவையும் சதுர அடி விலையையும் விசாரிக்கிற எல்லாருக்கும் அனுப்புவார். கேள்வி ஒன்றாக இருந்தால் பதிலும் ஒன்றாகத்தானே இருக்கும்? அவருக்கும் அந்த முத்திரை விழுந்தது.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது பள்ளத்தூர் ஆச்சிக்கு நடந்தது. வீட்டிலேயே பலகாரம் போடுகிறவர். மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை. தீபாவளிக்கு முன்னால் விலைப் பட்டியலைத் தயார் செய்து, ஊர்க் குழுக்கள் ஒவ்வொன்றிலும் போடுவார். தேவகோட்டை, கண்டனூர், புதுவயல், கோனாபட்டு, அப்புறம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் குழுக்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். தேவகோட்டைக்கு ஒரு விலை, கோலாலம்பூருக்கு ஒரு விலை என்று வைக்கிற ஆள் இல்லை அவர். அடுப்பை அணைத்த பிறகுதான் போனைக் கையில் எடுக்க முடியும் என்பதால் எல்லாம் ஒரே மாலையில் போகும். கீழே போன் நம்பர், படங்களுக்கு ஒரு லிங்க்.

ஸ்பேமைத் தேடும் தளத்தின் இயந்திரம் இதை எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். ஒரே எழுத்து, பல குழு, குறைந்த நேரம், போன் நம்பர், லிங்க். மோசடிக்காரன் செய்வதும் இதேதான். எழுதியது யார், அந்தக் குழுக்களில் அவரை எத்தனை பேருக்கு நேரில் தெரியும் என்பதெல்லாம் அதன் கண்ணில் படவில்லை. ஆச்சியின் பதிவுக்கு அடியில் 'இது ஸ்பேமாக இருக்கலாம்' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டது. வருஷா வருஷம் வாங்குகிற சிங்கப்பூர்க்காரப் பெண், "ஆச்சி, இது நீங்கதானா? கீழே என்னமோ போட்டிருக்கே" என்று கேட்டுவிட்டு முன்பணத்தை நிறுத்திவைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்காமலே விலகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று ஆச்சிக்குத் தெரியவும் வழியில்லை. பச்சரிசியும் பயறும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று.

ஸ்பேமைப் பிடிக்கும் வடிகட்டியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மலேசியாவில் வேலை என்று ஏமாற்றும் பதிவுகளையும், கும்பாபிஷேக நன்கொடை என்று போலி கியூஆர் கோடு வைத்து வரும் பதிவுகளையும் இந்த மேஜையில் உட்கார்ந்தே பார்க்கிறேன். பென்ஷன் பணத்தைப் பறிகொடுத்து நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தவன், ஸ்பேமைத் தடுக்காதே என்று சொல்ல மாட்டான். ஆனால் ஒரு திருடனைத் தவறவிடுவதும் ஒரு நல்லவரைத் திருடன் என்பதும் ஒரே எடையுள்ள பிழைகள் இல்லை. இது புதுச் சிந்தனையும் இல்லை. 2002இல் பால் கிரகாம் என்ற கணினி நிபுணர், சொற்களின் நிகழ்தகவை வைத்து ஸ்பேம் மின்னஞ்சலைப் பிரிக்கும் முறையை விளக்கி எழுதியபோது, நல்ல கடிதங்களில் ஒரு சொல் எத்தனை தடவை வருகிறதோ அந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக்கொண்டார். நல்ல கடிதம் தவறிப் பிடிபடக்கூடாது என்பதற்காகவே தராசை அந்தப் பக்கம் சாய்த்தார். அதுவும் ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்குள் நடக்கிற விஷயம். சமூக வலைத்தளத்தில் முத்திரை ஊர் பார்க்கக் குத்தப்படுகிறது. அங்கே தராசு இன்னும் அதிகமாக அல்லவா சாய வேண்டும்?

என்னை உறுத்துவது இன்னொன்று. ஒரு பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதைக் கட்டாயமே ஆக்கியது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஏமாற்றும் தன்மையுள்ள, பெருமளவில் பரப்பப்படும் வணிகப் பதிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அதை வைத்தே மோசடிக்காரன் அடுத்த தடவை தப்பிப்பான் என்பது நியாயமான பயம்தான். ஆனால் தவறாக அந்த வகையில் சேர்க்கப்பட்டவர் கதி? காரணம் தெரிந்தால்தானே 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்று வாதாட முடியும்? யாருக்கு விளக்கம் மிகவும் தேவையோ அவருக்கே கதவு அடைபடுகிறது.

நம் நாட்டின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில், 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் தாமாகவே ஒரு பதிவை நீக்கினால் பயனருக்கு முன்கூட்டியே அறிவித்து, மறுக்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது பேசுவது நீக்குவதையும் முடக்குவதையும் பற்றி. பதிவை அப்படியே விட்டுவிட்டு அடியில் சந்தேகத்தை ஒட்டுவதைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. ஆச்சிக்கு நடந்தது அதுதான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. பல வருஷக் கணக்கு, நேற்றுத் தொடங்கிய கணக்கு இரண்டையும் ஒரே கோலால் அளக்காதீர்கள். சந்தேகம் வந்தால் முதலில் எழுதியவரிடம் மட்டும் கேளுங்கள், பிறகு ஊருக்குக் காட்டுங்கள். மேல்முறையீட்டை தமிழ் தெரிந்த ஒரு மனிதர் படிக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், முத்திரை தவறு என்று தெரிந்தால் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். செட்டியார் வீட்டுப் பேரேட்டில் தப்பாகப் பற்று எழுதிவிட்டால் அதே பேரில் வரவு எழுதித்தான் நேர்செய்வார்கள். அதைப் போல, அந்த வரியைப் பார்த்த அத்தனை பேருக்கும் 'இது தவறு' என்று சொல்லப்பட வேண்டும். ஆச்சியின் பதிவிலிருந்து முத்திரை ஒருநாள் காணாமல் போனது. சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஆச்சி பேரில் மனு அனுப்பியிருக்கிறோம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், 2023 முதல் செயல்படும் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். அதிகாரியின் முடிவு கிடைத்த 30 நாளுக்குள் போக வேண்டும். உங்களுக்கும் இப்படி விழுந்திருந்தால், கோபத்தில் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். புதுக் கணக்கைத்தான் இயந்திரம் முதலில் சந்தேகப்படும். முத்திரை தெரிகிற திரையைத் தேதியோடு படம் பிடித்து, பழைய ஆர்டர் செய்திகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். மனு எழுத நான் காசு வாங்குவதில்லை.