நைனாவின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை: குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு நடந்த நடை

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். குழித்தறியில் லுங்கி நெய்தவர், 68 வயது. போன ஆடி மாதம் தறிக்குழியிலிருந்து ஏறி வரும்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "வயசாயிடுச்சிமா, வேற இன்னா" என்றார். ஒரு நாள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.9, தட்டணுக்கள் 52 ஆயிரம். உள்ளூர் டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கையில் கொடுத்து, "நாளைக்கே வேலூர் போயிடுங்க" என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் பற்றிய பாடத்தை 14 வருடமாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். அந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குள் வரும் என்று நினைத்ததில்லை. இதே சோதனைக்குப் போகப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எலும்பு மஜ்ஜை எடுப்பது. இடுப்புக்குப் பின்புறம், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே கை வைத்தால் ஒரு எலும்பு தட்டுப்படும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அப்புறம் தடித்த ஊசியை எலும்புக்குள் இறக்குகிறார்கள். குத்துவது அவ்வளவாக வலிக்கவில்லையாம். சிரிஞ்சில் மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில நொடிகள்தான் உயிரை இழுப்பது போல இருந்ததாம். மூச்சை அடக்காமல் மெதுவாக விடச் சொன்னார்கள், அது உதவியது. அதோடு எலும்பிலிருந்து தீக்குச்சி கனத்தில் ஒரு சின்னத் துண்டும் எடுத்தார்கள். முடிந்ததும் அரை மணி நேரம் மல்லாந்து படுக்கவேண்டும், உடம்பின் கனமே அந்த இடத்தை அழுத்திக் கொள்ளும். அன்றைக்குக் குளிக்கக்கூடாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எதையாவது சாப்பிட்டு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மஜ்ஜையைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கும் ரிப்போர்ட் சில நாளில் வந்துவிட்டது. எம்.டி.எஸ். (மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்) என்றார்கள். மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்கிறது, ஆனால் கோணலாகச் செய்கிறது, பாதி உள்ளேயே செத்துப் போகின்றன. சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயாக மாறும். யாருக்கு எப்படிப் போகும் என்று சொல்ல குரோமோசோம் ரிப்போர்ட் வேண்டும், அதற்குக் காத்திருங்கள் என்றார்கள்.

அந்தக் காத்திருப்புதான் கொடுமை. மற்ற ரத்தப் பரிசோதனை மாதிரி சாயங்காலம் போய் வாங்கும் ரிப்போர்ட் அல்ல இது. முதல் முறை எடுத்த மாதிரியில், பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை நைனா அதே பக்கம் படுத்தார். "இன்னொரு பக்கம் வேணாம், இங்க எப்படியும் வலிக்குது" என்றார்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று என்னிடம் படித்து இப்போது ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் விளக்கினாள். செல் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் சுருண்டு கண்ணுக்குத் தெரியும். அதனால் மஜ்ஜைச் செல்களை 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வளர்க்கிறார்கள். பிரியும் நடுவில் அப்படியே நிறுத்திவைக்க ஒரு மருந்து. பிறகு உப்புச் செறிவு குறைந்த நீரில் செல்களை ஊத வைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்ததில் போடுகிறார்கள். அந்தக் கலவையைக் கண்ணாடித் துண்டின்மேல் சொட்டவிடும்போது செல் பரந்து, குரோமோசோம்கள் விரிந்து விழுகின்றன. "டீச்சர், அன்னிக்கு ஈரப்பதம் எப்படி இருக்குங்கறதைப் பொறுத்துக்கூட விரியறது மாறும்" என்றாள். டிரிப்சின் என்ற நொதியில் நனைத்துச் சாயம் ஏற்றினால் ஒவ்வொன்றிலும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் வரும். அதை வைத்து ஒரு செல்லில் இருக்கும் 46 குரோமோசோம்களையும் ஒருவர் உட்கார்ந்து ஜோடி சேர்த்து எண் வாரியாக அடுக்கவேண்டும். அது போல 20 செல்கள். இதைக் கேட்ட பிறகு எனக்கு அவசரம் குறைந்தது.

மூன்றாவது வாரம் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். 5-ஆம் எண்ணில் ஒன்றும் 17-ஆம் எண்ணில் ஒன்றும் ஒட்டி ஒரே கம்பியாக இருந்தன. ஒரு குரோமோசோமுக்கு ஒரு இடுப்புதான் இருக்கவேண்டும், அதில் இரண்டு இடுப்பு, அதாவது இரண்டு சென்ட்ரோமியர். 7-ஆம் எண்ணில் பல செல்களில் ஒன்றைக் காணவில்லை. 20 செல்களில் 4 மட்டும் சரியாக இருந்தன. மீதி 16-ம் ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றில் கூடுதலாக ஒரு துண்டு, இன்னொன்றில் குறைவாக ஒரு துண்டு. மூன்றுக்கு மேல் மாற்றங்கள் இருப்பதால் இது சிக்கலான வகை, கவனமாகப் பார்க்கவேண்டிய வகை என்றார்.

நைனா கேட்டார்: "இன்னாத்துக்குமா ஒட்டிக்குது?"

குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்று ஒரு தொப்பி உண்டு. டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும், அதை மூடிக் காக்கச் சில புரதங்கள் உண்டு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து தொப்பி போய்விட்டாலோ, நுனிக்குப் பக்கத்தில் டிஎன்ஏ முறிந்துவிட்டாலோ, செல் அதை உடைசல் என்று நினைத்து, கையில் கிடைத்த இன்னொரு நுனியோடு ஒட்டிவிடுகிறது. இவ்வளவையும் நான் தறிக்காரர் பாஷையில் சொல்லப் பார்த்தேன்.

நைனா குறுக்கிட்டார். "அறுத்த ஓரத்துல தும்பு விட்டா, ரெண்டு லுங்கியைச் சேர்த்து ஊற வெச்சா சிக்கிக்கும். ரெண்டு பேரு ரெண்டு பக்கம் இழுத்தா சிக்குன இடத்துல கிழியாது. வேற எங்கியாச்சும் கிழியும். அப்புறம் அந்தக் கிழிசல்ல தும்பு வரும்."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அமெரிக்க மரபியல் விஞ்ஞானி பார்பரா மெக்லின்டாக் மக்காச்சோளத்தில் 1930-களின் கடைசியில் பார்த்தது இதேதான். ஒட்டிய குரோமோசோமின் இரண்டு சென்ட்ரோமியர்களும் தள்ளித் தள்ளி இருந்தால், செல் பிரியும்போது அவை எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டு நடுவில் பாலம் போல நீண்டு, எங்கோ ஓர் இடத்தில் அறுகின்றன. அறுந்த நுனி மறுபடி ஒட்டுகிறது, மறுபடி அறுகிறது. புற்றுநோய்ச் செல்லின் மரபணுக்கள் நிலையில்லாமல் போவதற்கு இந்தச் சுழற்சி ஒரு பெரிய வழி. 16 செல்களும் வேறுவேறாக இருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் படித்தேன். குரோமோசோமின் நடுப்பகுதியில் முறிவு வந்தால் செல் பெரும்பாலும் ஒட்டிச் சரிசெய்துவிடுகிறது. நுனிக்கு அருகே வந்த முறிவு அவ்வளவு சுலபமாகச் சரியாவதில்லை, பெரிய துண்டே போய்விடுகிறது. நுனியைக் காக்கும் புரதங்கள் அக்கம்பக்கத்திலும் பழுதுபார்ப்பை அடக்கிவைப்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், அதாவது சென்ட்ரோமியருக்கு ஒரு பக்கம் இருக்கும் குட்டைப் பகுதியில், உள்ள டெலோமியர், மனித டெலோமியர்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. புற்றுநோய் வராமல் தடுக்கும் பி53 என்ற காவல்கார மரபணு இருப்பதும் அதே கையில். இந்த இரண்டு வரியையும் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி ஒன்றைத்தான் கேட்டான்: "நமக்கும் வருமாக்கா?" டாக்டர் அம்மா முதல் நாளே அதற்குக் கேள்விகள் கேட்டிருந்தார். வீட்டில் யாருக்காவது இளவயதில் நரைத்ததா, நுரையீரல் தழும்பு ஏறியதா, நகம் சிதைந்ததா, வாய்க்குள் வெள்ளைப் படலம் உண்டா என்று. பிறப்பிலேயே டெலோமியர் குட்டையாக இருக்கும் குடும்பங்களில் அப்படி வரும். எங்களில் யாருக்கும் இல்லை. நைனாவின் மஜ்ஜையில் இருப்பது வயதோடு அந்தச் செல்களில் மட்டும் சேர்ந்த மாற்றம், பிள்ளைகளுக்குக் கடத்தும் சொத்து அல்ல என்றார். தம்பி அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான்.

ரிப்போர்ட் வாங்கும்போது எத்தனை செல்களைப் பார்த்தார்கள், எத்தனையில் மாற்றம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டைப் படத்தின் நகலும் கேளுங்கள். வேறு டாக்டரிடம் போனால் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது 28 நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து ஏழு நாள், வயிற்றுத் தோலில் எம்.டி.எஸ். நோய்க்கான அசாசிடிடின் மருந்து ஊசி. அந்த ஒரு வாரம் லாட்ஜில் தங்குகிறோம். மூன்றாவது சுற்று முடிந்திருக்கிறது, ரத்தம் ஏற்றுவது மாதம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. நான்காவது சுற்றுக்குப் பிறகு மஜ்ஜையை மறுபடி பார்ப்பார்களாம். "இந்தத் தடவை அந்தப் பக்கம் எடுக்கச் சொல்லு" என்று நேற்றுக் காலை கோட்டை அகழி ஓரம் நடந்துகொண்டே நைனா சொன்னார். மூச்சு வாங்கவில்லை.