கவுன்சலிங்கில் வாங்கின சீட்

மகளின் பொறியியல் படிப்புக்கு லோன் கேட்டு என் வங்கிக் கிளைக்கு வந்தவருக்கு நான் மறுத்துவிட்டேன். "நீங்களும் லோன்ல படிச்சவர்தான்னு சொன்னாங்க சார்" என்று அவர் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். "ஆமாங்க, ஆனா நான் கவுன்சலிங்ல சீட் வாங்கினவன்" என்றேன். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஃபைலை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

லோன் மறுத்ததில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நிர்வாக ஒதுக்கீட்டு சீட், அதாவது மார்க் வரிசைப்படி அரசு நடத்தும் கலந்தாய்வில், கவுன்சலிங்கில், வாங்காமல் கல்லூரியே கொடுத்தது. அதே கல்லூரியில் படிக்க நான் கொடுத்த மூன்று கடன் ஏற்கெனவே வாராக்கடன். நாலு லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாதுதான், ஆனால் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும், படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பிக்கும்போது பிள்ளைக்கு வேலை இல்லையென்றால் நோட்டீஸ் அவர் பெயருக்கும்தான் போகும். தறிக்கூலிக்குப் போகிற வேறொரு அப்பா அப்படி ஒரு நோட்டீஸோடு என் மேஜை முன்னால் நின்றிருக்கிறார். மறுத்தது அந்தக் குடும்பத்துக்கும் நல்லதுதான். (இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.)

சரி, மறுக்க அந்த வாக்கியம் எதற்கு? என் கதை அங்கே எதற்கு வந்தது?

நான் கவுன்சலிங் போனது 2007-ல், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட வருஷம். பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றாகிவிட்டதால் தப்பித்தேன். அண்ணன் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவன், என்னைவிட நன்றாகப் படிப்பான், நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போகக் காசில்லாமல் கோட்டைவிட்டு இப்போது செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறான். திறமை திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, அவனுக்குப் பின்னால் பிறந்ததுதான்.

அதைவிட உறுத்துவது வேறு. அந்தப் பெண் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, சான்றிதழ் என் கண் முன்னாலேயே கிடந்தது. 2021-லிருந்து பொறியியலிலும் அப்படிப் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும், லோனே வேண்டாம். முதலில் விண்ணப்பிக்காதவர்களுக்குத் துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. எனக்குத் தெரியாத விஷயமா இது? கவுன்சலிங் என்ற வார்த்தையை என் பெருமைக்கு எடுத்தேனே தவிர, "இன்னும் தேதி இருக்குங்க, உடனே போங்க" என்று சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்து ராத்திரி படுக்கும்போது தோன்றியது. தேதி முடிந்துவிட்டிருந்தது.

போன் நம்பர் ஃபைலில்தானே இருந்திருக்கும் என்பீர்கள். ஃபைலை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன். கடன் கேட்டு வந்த மனிதருக்குக் கிளைக் கணக்கில் நம்பர் இல்லாமலா இருக்கும், நான் தேடவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். அரசுக் கலைக் கல்லூரி, பி.காம்., அரசின் புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறுவதற்கு ஆதாரை இணைக்க வேண்டுமாம். "அப்பா நல்லா இருக்காராம்மா?" என்றேன். "வேலைக்குப் போயிருக்கார் சார்" என்றாள். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது, இடத்தைக் காட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.