பெரியப்பா கடையில் பேசிய கூலி

2024 ஏப்ரல் 8-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. அன்று சாயந்திரமே என் மகன் கேட்டான், "லீவுல வேலைக்குப் போகட்டுமாம்மா?" என்று. அவனுக்கு ஒரு கியர் சைக்கிள் வேண்டும். அதை நாங்கள் வாங்கித் தர மாட்டோம் என்பதும் அவனுக்குத் தெரியும். பள்ளி திறக்க ஜூன் ஆகும்.

சேலத்தில் அந்த நேரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை, மாம்பழ சீசன். என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் கடைவீதிப் பக்கம் மாம்பழக் கடை வைத்திருக்கிறார். மொத்தம், சில்லறை இரண்டும் உண்டு. வெளியூருக்குப் பார்சலும் போகும். என் மகனுக்குப் பெரியப்பா முறை. போனில் கேட்டதும், "அனுப்பி விடுங்க, நம்ம பையன்தானே" என்றார். என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. "என்ன தருவீங்க மாமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "நம்ம பையனுக்குப் போயி யாராச்சும் சம்பளம் பேசுவாங்களா? கைச்செலவுக்குக் குடுக்கறேம்மா."

இந்தக் 'கைச்செலவு' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு.

பதின்மூன்று வயதில் நான் சிவதாபுரத்தில் ஒரு வீட்டுப் பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை கோத்தேன். பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம், அந்தப் புகை கண்ணில் எரியும். சனிக்கிழமைதோறும் அப்பா வந்து கணக்கு முடித்துக்கொண்டு போவார். முன்பணம் வாங்கியிருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஜோடிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கூலி என்ன என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வயதுப் பிள்ளையை அப்படி உட்கார வைத்ததே தப்பு என்பது வேறு விஷயம்.

அதனால் மகனை அனுப்புவதற்கு முன் விசாரித்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர், "பதினெட்டுக்குக் கீழே ஆள் வெச்சாலே கேஸ்" என்றார்கள். மீதிப் பேர், "லீவுல போனா ஒண்ணும் இல்லை" என்றார்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கே ஒரு நடை போனேன். அங்கே இருந்த ஒரு அம்மா பொறுமையாகச் சொன்னார். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தினார்கள். பதினான்கு வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஜெயில், இல்லாவிட்டால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்தக் 'குடும்பம்' என்பது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், அவ்வளவுதான். ஒன்றுவிட்ட பெரியப்பா அதில் வர மாட்டார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் முதல் வரிசையில் இருக்கும், சட்டத்தில் இடமே இல்லை.

என் மகனுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை வேலை செய்யலாம். சுரங்கம், வெடிமருந்து, தீப்பிடிக்கும் பொருள் போன்ற ஆபத்தான வேலைகள் கூடாது. நேரத்துக்கும் கட்டு உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் லீவு. கடைக்காரர் ஆய்வாளருக்கு எழுதித் தெரிவித்து, பதிவேடும் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கல்லாவுக்கு மேலே, 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணியமர்த்தப்படவில்லை' என்ற பலகை, அதற்குப் பக்கத்தில் சாமி காலண்டர். மாமா இமாம்பசந்த் ஒன்றை அறுத்துத் தட்டில் வைத்தார். அதைத் தின்றுகொண்டே கூலி பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நல்லவேளை, அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். பின்பக்கம் பெட்டி கட்டுகிற அக்காக்கள் இருவரிடமும் போய்ப் பேசினேன். "எவ்வளவுக்கா?" என்றால் யாரும் மறைப்பதில்லை, முதலாளியிடம் கேட்டால்தான் சுற்றி வளைப்பார்கள். காலை 9 முதல் மாலை 6 வரை, மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. எட்டு மணி நேர வேலைக்கு 480 ரூபாய், இரண்டு டீ. ஆக மணிக்கு 60. என் மகன் ஓய்வு போக ஐந்து மணி நேரம் வேலை செய்வான். அதே பெட்டி, அதே பழம் என்றால் 300.

மாமா சொன்னது காலை 10 முதல் இரவு 8 வரை, 150 ரூபாய், சாப்பாடு.

தாளை எடுத்து நீட்டினேன். ஏழு மணிக்கு மேல் கூடாது என்ற வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "சாயந்திரம்தானேம்மா யாவாரமே" என்றார். நியாயம்தான், சித்திரை வெயிலில் மத்தியானம் யார் மாம்பழம் வாங்க வருவார்கள்? ஆனால் பார்சல் கட்டுகிற வேலை காலையில்தான். பையனை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், காலை 8 முதல் 11, ஓய்வு, அப்புறம் 12 முதல் 2 என்றேன். ஞாயிறு வியாபார நாள் என்பதால் லீவு செவ்வாய்க்கிழமை. இது சீக்கிரம் படிந்தது.

கூலிதான் இழுத்தது. "சின்னப் பையன், தொழில் தெரியாது, நான் கத்துக் குடுக்கறேன், அதுக்கு நான் இல்ல காசு வாங்கணும்?" என்றார். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருடக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்குத் தனி வீதம் வைக்க இடம் உண்டு. ஆனால் அந்த வீதத்தை அரசுதான் வைக்க வேண்டும், வயதைக் காட்டிக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று லோடு இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத்துக்குள் கணக்குப் பார்க்கிற பொம்பளை என்று பெயர் வாங்கியாயிற்று, இனி பாதியில் எழுந்து என்ன லாபம்?

ஆனால் அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. புதுப் பையன் அக்காக்கள் மாதிரி கட்ட மாட்டான். அதனால் நானே இறங்கி வந்தேன். முதல் இரண்டு வாரம் 250, மூன்றாவது வாரத்திலிருந்து 300. 'பழகுற காலம்' என்று சொல்லி விட்டுவிட்டால் அது சீசன் முழுக்க இழுக்கும், அதனால் எந்தத் தேதியிலிருந்து 300 என்பதையும் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்ததும் பணம், பையன் கையில். எனக்கோ அவன் அப்பாவுக்கோ கொடுக்கக் கூடாது. இதைச் சொன்னபோதுதான் மாமா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம், "சரி" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். "கல் வெக்கிறீங்களா மாமா?" கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. சேலத்தில் சீசன்தோறும் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போடுவதும் அதற்காகத்தான். "எத்திலீன் ரூம்தான்" என்றார், அதாவது எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்கிற அறை. அந்த அறைக்குள் என் பையன் போகக் கூடாது என்றேன். அதற்கு மட்டும் மறுபேச்சு இல்லை.

ஏப்ரல் 22, திங்கட்கிழமை. அம்மாபேட்டையிலிருந்து பழைய சைக்கிளில் போனான். முதல் நாள் ஒன்பது பெட்டி கட்டினான். அதே நேரத்தில் அக்காக்கள் இருபத்தைந்தைத் தாண்டியிருந்தார்களாம். செங்காயாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும் என்றால் அதற்குத் தகுந்த பதம். காம்பு மேலே பார்க்கக் கூடாது. வைக்கோல் ஒரு வரிசை, பழம் ஒரு வரிசை, பெங்களூரா அடியில், மல்கோவா என்றால் ஒரே அடுக்கு. இதெல்லாம் சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடந்தது.

மூன்றாம் நாள் அவன் மணிக்கட்டில் கறுப்பாகத் தீற்றல் தீற்றலாக இருந்தது. மாங்காய்ப் பால். காம்பை உடைக்கும்போது பீய்ச்சி அடிக்கிறது, தோலைச் சுட்டுவிடுகிறது. அக்காக்கள் கை பூராவும் அந்தத் தழும்புதானாம், "தேங்காய் எண்ணெய் தடவிக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் உறை வாங்கிக் கொடுத்தேன். கூலி பேசும்போது கையுறையைப் பேசாமல் விட்டது என் தப்பு. அதை அவர் வாங்கித் தந்திருக்க வேண்டும், மூன்று பேருக்குமே.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். தேதி, வந்த நேரம், போன நேரம், எத்தனை பெட்டி, வாரக் கடைசியில் தொகை, பெரியப்பா கையெழுத்து. முதல் வாரம் கையெழுத்துக் கேட்டபோது, "என்னடா போலீஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டாராம். இரண்டாம் வாரம் அவரே பேனாவை எடுத்துவிட்டார். அந்த வாரத்தில்தான் நேரம் நீளப் பார்த்தது. இரண்டு மணி ஆனதும், "இந்த ஒரு லோடு மட்டும்" என்பார்கள். இரண்டு நாள் மூன்று மணிக்கு வந்தான். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்த நாட்கள் அவை. நான் போன் செய்யவில்லை. நோட்டில் 3 மணி என்று எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு 100 ரூபாயைத் தனியாகக் கொடுத்துவிட்டார். சட்டப்படி அந்த ஓவர்டைமே கூடாது என்பதால் அதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு மணிக்கு அவரே, "கிளம்புடா" என்று துரத்த ஆரம்பித்தார்.

மே 10-ஆம் தேதி ரிசல்ட். அன்று அவன் போகவில்லை, கூலியும் இல்லை. மார்க் எவ்வளவு என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று அவன் உத்தரவு.

நான்காவது வாரம்தான் தகராறு. சென்னைக்குப் போன இமாம்பசந்த் பெட்டி ஒன்று நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. பழமெல்லாம் கன்றிப்போய், வாங்கினவர் படம் எடுத்து அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை 1,800 வர வேண்டிய இடத்தில் 1,200 வந்தது. பையன் முகம் செத்துப் போய் வந்தான். "அது என் தப்புதாம்மா, அன்னைக்கு வைக்கோல் தீந்து போச்சு, பேப்பர் வெச்சேன்" என்றான். வைக்கோல் தீர்ந்ததைச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறான், "இருக்கறத வெச்சுக் கட்டு" என்று பதில் வந்திருக்கிறது.

மறுநாள் போனேன். வைக்கோல் வாங்கி வைப்பது யார் வேலை மாமா என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கல்லாவைத் திறந்து மூடினார். பையன் நிஜமாகவே கவனக்குறைவாக இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அப்போதும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் லாபத்தில் இவனுக்குப் பங்கு கிடையாதே. இரண்டு நாள் அவர் இவனிடம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு 1,800-உடன் 600 சேர்ந்து வந்தது. அன்று சாயந்திரம் அவர் வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் குண்டு மாம்பழமும் வந்தது. மாம்பழம் வேறு, கூலி வேறு. இரண்டையும் வாங்கிக்கொண்டோம்.

ஜூன் 2, கடைசி நாள். ஆறு வாரம், லீவு போக 35 நாள், 9,900 ரூபாய், மேலே அந்த 100. கவரில் இன்னொரு 500 இருந்தது. அதைக் கூலியோடு சேர்க்காமல் 'இனாம்' என்று தனிப் பக்கத்தில் எழுதியிருந்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "அதுக்குப் பேசலையேம்மா" என்றான்.

மறுநாள் தபால் ஆபீஸுக்குப் போனோம். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். ஆதார், போட்டோ, படிவம். ஒரு இடத்தில் போட்ட கையெழுத்து இன்னொரு இடத்தில் வரவில்லை என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து மாம்பழ நோட்டின் பின்னட்டையில் பத்துப் பதினைந்து தடவை போட்டுப் பழகினான். பணத்தை எண்ணிக் கட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார், "எவ்வளவு போட்டான்?"

"எனக்குத் தெரியாது. அவன்கிட்டயே கேளுங்க."