அம்மா படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

போன ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு விடியற்காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மதுரை வீட்டில் தனியாக இருந்தார். அப்பா போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கைபேசி படுக்கையில் கிடந்தது. பால் ஊற்ற வந்த அண்ணன் பெல் அடித்துப் பார்த்து, பதில் இல்லாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்த சாவியை வாங்கிக் கதவைத் திறந்திருக்கிறார். அதுவரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அம்மா ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். இடது மணிக்கட்டில் முறிவு. இடுப்புக்கு ஒன்றும் இல்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சென்னைக்குக் கூட்டி வந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணி. முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவர், தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏஜென்சி மூலம் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் மாறினார்கள். நான்காவது ஆள் வருவதற்கு முன் அம்மாவே சொன்னார்: "பாப்பா, என் வயசு ஆளுக நாலு பேரு இருக்குற எடமாப் பாரு. ஆனா என்னயக் கேக்காம எதையும் முடிவு பண்ணாத."

ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்கு இதைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவன் புரிந்துகொண்டான். உறவுக்காரர்கள் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டு, "நான்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அக்டோபரில் தொடங்கி ஐந்து இடம் பார்த்தோம். சென்னைக்கு வெளியே ஒன்று, மற்ற நான்கும் கோவையைச் சுற்றி. மூத்தோர் குடியிருப்பு என்றாலே எல்லோரும் கோவையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், நல்ல மருத்துவமனைகள். வந்தே பாரத்தில் ஏறினால் சென்னையிலிருந்து ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மதுரையிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாக ரயிலும் இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம்.

முதல் இடத்தில் நான் எல்லோரையும் போலத்தான் கேட்டேன். யோகா உண்டா, நூலகம் உண்டா, கோயிலுக்கு வண்டி விடுவார்களா? எல்லாம் இருந்தது. அழகான மாதிரி வீடு. கிளம்பும்போது அம்மா கேட்டார்: "நான் படுத்துட்டா என்ன செய்வீங்க?" விற்பனைப் பிரிவில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஏம்மா இப்பப் பேசிக்கிட்டு, நீங்க நல்லா இருப்பீங்க" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் வண்டியில் வரும்போது அம்மா, "பதில் சொல்லலையே பாப்பா" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் போன எல்லா இடத்திலும் அதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் வெளியே வந்தன. இந்தக் குடியிருப்புகள் பெரும்பாலும் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்காகக் கட்டப்பட்டவை. குளிக்க, உடுத்த, சாப்பிட ஒருவர் துணை வேண்டும் என்ற நிலை வந்தால் அது வேறு சேவை, வேறு கட்டணம், பல இடங்களில் வேறு கட்டடம். மறதி நோய்க்கான பராமரிப்பு அதற்கும் அடுத்த படி. நாங்கள் பார்த்த ஐந்தில் இரண்டு இடங்களில் மட்டுமே துணையோடு வாழும் பிரிவு உண்மையில் இயங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் 120 வீட்டுக்குப் பன்னிரண்டு படுக்கை. பன்னிரண்டும் நிரம்பியிருந்தன.

இன்னொரு இடத்தில் அந்தக் கட்டடம் பிரசுரத்தில் வண்ணப் படமாக இருந்தது. "அடுத்த கட்டத்தில் வருகிறது" என்றார்கள். கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்தான் ரெரா. அவர்கள் தந்த ரெரா எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே திட்டமாக நமக்குக் காட்டினாலும் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். பதிவாகியிருந்தது முதல் கட்டத்து வீடுகள் மட்டும். மருத்துவப் பிரிவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

மூன்று விதமாகத் தருகிறார்கள். விலைக்கு வாங்குவது, பெரிய தொகையை டெபாசிட் கட்டி ஆயுள் முழுக்க இருப்பது, மாத வாடகைக்கு இருப்பது. விலைக்கு வாங்கினால் பத்திரம், வில்லங்கச் சான்று, நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பங்கு என்று சாதாரண அடுக்குமாடி வாங்கும்போது பார்ப்பது அத்தனையும் உண்டு. கூடுதலாக நான் கேட்டது, அம்மாவுக்குப் பிறகு என்ன ஆகும் என்பது. 55 வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்பதால் வீடு எங்கள் பெயருக்கு வந்தாலும் நானோ தம்பியோ அங்கே வாழ முடியாது. விற்கும் வரை பூட்டிய வீட்டுக்கும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். ஓரிடத்தில் விற்கும்போது விலையில் ஒரு பங்கு நிர்வாகத்துக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. டெபாசிட் முறையில் ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். அதையும் அடுத்த ஆள் வந்த பிறகுதான் தருவோம் என்றது ஓரிடம். அடுத்த ஆள் வராவிட்டால்? அதற்கும் பதில் இல்லை.

மாதச் செலவைக் கேட்கும்போது ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் முதலில் 16,000 என்றார்கள். அது பராமரிப்பு மட்டும். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சாப்பாடு தனி, மின்சாரம் தனி, துணி துவைப்பது தனி. கூட்டிப் பார்த்தால் 31,000 வந்தது. துணைக்கு ஆள் வைத்தால் அதில் இன்னொரு மடங்கு. அம்மாவின் ஓய்வூதியத்தை நோட்டில் மேலே எழுதி, கீழே இதையெல்லாம் எழுதி, பத்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று இடங்களில் இல்லை.

உடல்நலம் பற்றி ஒன்று. எல்லா இடத்திலும் ஏதோ ஒரு மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்கிறது என்பார்கள். அந்த மருத்துவமனை அம்மாவின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். ஓரிடத்தில் இல்லை. ஆம்புலன்ஸ் நேராக அங்கேதான் போகும் என்றால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது குளியலறைக்கு வருகிறேன். கைப்பிடி, வழுக்காத டைல்ஸ் எல்லாம் நான் சரிபார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவரில் இருந்த அவசர பட்டனைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் தோள் உயரத்தில் இருந்தது. "விழுந்தவ எப்படி எந்திரிச்சு இத அழுத்துவா?" என்றார். மூன்று மணி நேரம் தரையில் கிடந்தவருக்குத்தான் அது தெரிகிறது. தரையில் கிடந்தபடியே இழுக்க முடிகிற கயிறு வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்பக்கம் திறந்தால் விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டும். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று நான் டேப் வைத்து அளந்தேன்.

சாப்பாடு எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. நாங்கள் பார்த்த எல்லா இடத்திலும் பொது உணவுக்கூடம் சைவம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் சொந்த வீட்டு அடுப்பில்கூட அசைவம் சமைக்கக் கூடாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாமல் வளர்ந்த குடும்பம் இல்லை எங்களுடையது. அம்மா கோபப்படவில்லை. "எழுபத்தஞ்சு வயசுல எனக்குப் புதுப் பழக்கம் எதுக்கு" என்று எழுந்துவிட்டார். அந்த இரண்டில் ஒன்றுதான் வசதியில் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மிஞ்சிய இரண்டு இடங்களிலும் காசு கட்டி ஒரு வாரம் தங்கினோம். இதைச் செய்யாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்றில் மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மாவும் நானும் பேசி வைத்துக்கொண்டு அவசரக் கயிற்றை இழுத்தோம். பத்தொன்பது நிமிடம் கழித்து வாசல் காவலர் வந்தார். நர்ஸ் இரவில் இருப்பதில்லையாம், போன் போட்டால் வருவாராம். பகலில் எங்களிடம் 24 மணி நேர நர்ஸ் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த இடத்தில் நான்கு நிமிடத்தில் ஒரு நர்ஸ் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் பிபி கருவியோடு. சோதித்துப் பார்த்தோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. "பரவால்லைங்க்கா, புதுசா வர்றவங்க பார்ப்பாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைல்ல, அது போதுங்க்கா" என்று சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தேன் என்று பிபியும் பார்த்துவிட்டுப் போனார். அம்மா மறுநாள் அந்தப் பெண்ணின் ஊர், படிப்பு, சம்பளம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கேயே மூன்று ஆண்டாக வேலை பார்க்கிறாராம். ஏஜென்சி ஆட்கள் மாறி மாறி வந்ததைப் பார்த்த எனக்கு அந்த மூன்று ஆண்டு பெரிய நம்பிக்கையைத் தந்தது.

அங்கே பகல் நேரத்தில் அம்மா என்னை விட்டுவிட்டு மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். நான்காம் நாளே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நிர்வாகத்தைப் பற்றி உண்மையைச் சொல்வது அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்தான். கடைசியாக ஒருவர் படுத்தபோது என்ன ஆனது என்று அம்மா அவர்களிடமும் கேட்டிருக்கிறார். பக்கவாதம் வந்த ஒருவரைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றி, பதினாறு மாதம் பார்த்துக்கொண்டார்களாம். அவர் மனைவி தினமும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அந்த அம்மாவே நேரில் சொன்னார்.

சரி என்று ஒப்பந்தத்தை வாங்கினோம். 34 பக்கம், ஆங்கிலம். நான் ஒரு வக்கீலிடம் கொடுத்தேன். அம்மா ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு இரண்டு நாள் உட்கார்ந்தார். வக்கீல் சொன்ன இடத்திலும் அம்மா கோடு போட்ட இடத்திலும் ஒரே பிரிவு இருந்தது. குடியிருப்பவர் தானாக இயங்க முடியாத நிலைக்கு வந்தால், நிர்வாகம் எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் குடும்பத்தார் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றது அது. பக்கவாதம் வந்தவரைப் பதினாறு மாதம் பார்த்த இடத்தில்தான் இந்த வரியும் இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். "எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுங்கம்மா, நாங்க அப்படி யாரையும் அனுப்பினதில்லைங்க" என்றார். அம்மா, "அப்ப எழுதுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம் தம்பி? நீங்க மாறிப் போயிட்டா அடுத்து வர்றவருக்கு இந்தத் தாள்தானே தெரியும்" என்றார். பத்து நாள் இழுத்தது. கடைசியில் அந்தப் பிரிவை மாற்றிக் கொடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவில் முன்னுரிமை, இடம் இல்லாவிட்டால் இருக்கும் வீட்டிலேயே கூடுதல் கட்டணத்தில் ஆள் ஏற்பாடு, வெளியே மாற்றுவதானால் மருத்துவர் சான்றும் 90 நாளும்.

விலைக்கு வாங்கவில்லை. மதுரை வீட்டை விற்று இங்கே போடலாம் என்றும், எங்கள் பெயருக்கு எழுதிவிடலாம் என்றும் உறவில் யோசனை சொன்னார்கள். எனக்கு இரண்டிலும் விருப்பமில்லை. அம்மாவின் வீடு அம்மா பெயரில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதிவைத்தே தீர வேண்டும் என்றால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள் என்றார் வக்கீல். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதை வைத்துத்தான் பெற்றோருக்குத் துணை நிற்கிறது. பதினொரு மாத வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறோம். பிடிக்காவிட்டால் மதுரைச் சாவி அம்மாவின் கைப்பையிலேயே இருக்கிறது.

மார்ச்சில் குடிபோனோம். அம்மியை வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, மண்சட்டியும் கூடவே வந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. அங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவும் இவருமாக ஆட்டோ பிடித்து உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்கள். "அயிரை இல்ல பாப்பா. நெத்திலிதான் கெடச்சுது. அடுத்த வாரம் கொண்டாரேன்னு சொல்லியிருக்காரு."